நாய்க்குட்டிகளுக்கு உண்டாகும் கழிச்சல்: முதலுதவியும் தடுப்பும்

டில்லி மாநகரின் தென்மேற்கே துவாரகா அமைந்துள்ளது. முன்னாளில் பப்பன்கலான் என வழங்கிய இப்பகுதியை டில்லி வளர்ச்சி ஆணையம் பல செக்டர்களாகப் பிரித்துத் திட்டமிட்டு அமைத்தது. கூட்டுறவுச் சங்கங்களின் அடுக்குமாடி வீடுகளும், பள்ளிகளும், இடையிடையே பூங்காக்களும் நிறைந்த இந்நகர்ப் பகுதியில் தெருநாய்களும் வாழ்கின்றன. நம் நாட்டுத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணை சேர்ந்து, ஏறத்தாழ 63 நாள் சூலுக்குப் பின், குளிர்காலத்தில் குட்டி ஈனுகின்றன. மாடிப்படியின் அடியிலும், பூங்கா வேலியோரத்திலும், பள்ளிச் சுற்றுச்சுவரின் மறைவிலும் அக்காலத்தில் குட்டிகளைக் காணலாம். இரக்கமுள்ள சிறுவர்கள் அவற்றுள் சிலவற்றை வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றனர். எருமைப் பாலும், ரொட்டியும், பிஸ்கோத்தும் கொடுக்கின்றனர். சில நாட்களுக்குள் குட்டி கழியத் தொடங்குவதும் உண்டு.

அந்நிலையில் குட்டியை முதலிற் காண்பவர் பெரும்பாலும் கால்நடை மருத்துவர் அல்லர். பள்ளி ஆசிரியரோ களப் பணியாளரோதான் முதலில் ஆலோசனை கேட்கப்படுகிறார். மருத்துவரிடம் சேர்ப்பதற்கு முன் கழியும் சில மணி நேரத்தில் செய்யத் தக்கன எவை, செய்யத் தகாதன எவை என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். இப்பாடத்தின் அடிப்படைக் கருத்து ஒன்றே: இளங்குட்டியைக் கொல்வது பெரும்பாலும் கழிச்சலால் ஏற்படும் நீரிழப்பும் குளிர்ச்சியும் பட்டினியுமே ஆகும். ஆதலின் மலத்தைக் கட்டுவதைக் காட்டிலும், இழந்த நீரையும் சூட்டையும் மீட்பதே முதற்கடமை.

குட்டிக்கு ஆபத்து மிகுதியாவது ஏன்?

வளர்ந்த நாய் ஒருநாள் கழிந்தாலும் பெரும்பாலும் தானே தேறிவிடும். குட்டிக்கு அத்தகைய கையிருப்பு இல்லை. அதன் உடல் எடையில் நீரின் பங்கு வளர்ந்த நாயின் உடலில் உள்ளதைவிட மிகுதி. சிறுநீரகங்களோ நீரைச் சிக்கனமாகக் காக்கும் ஆற்றலை இன்னும் முழுமையாகப் பெறவில்லை. ஒரு கிலோகிராம் எடையுள்ள குட்டி 100 மில்லிலிட்டர் நீரை இழந்தால், அஃது அதன் எடையில் பத்தில் ஒரு பங்காகும். இவ்வளவு இழப்பு உயிருக்கே ஆபத்தானது. அந்த நீரின் அளவோ ஒரு சிறு தேநீர்க் குவளை மட்டுமே.

இரண்டாவதாக, குட்டியின் கல்லீரலில் சேமித்து வைக்கப்படும் சர்க்கரை மிகக் குறைவு. சில மணி நேரம் உணவின்றி இருந்தாலே இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்து, தளர்ச்சியும் நடுக்கமும் தோன்றலாம். சில வேளைகளில் வலிப்பும் வரலாம். மூன்றாவதாக, சிறு உடல் விரைவிற் குளிர்ந்துவிடும். டில்லியின் மார்கழி, தை மாத இரவுகளில் இஃது ஒரு பெருங்காரணம். இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும் தன்மையன. குளிர்ந்த குட்டியின் குடல் இயங்குவதில்லை. இயங்காத குடலில் இட்ட உணவு செரிப்பதில்லை. செரிக்காத குட்டி மேலும் தளர்கிறது.

காரணங்கள்

கழிச்சல் என்பது பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. களத்தில் அடிக்கடி எதிர்ப்படும் காரணங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. உணவுக் கோளாறு. பசும்பாலும் எருமைப்பாலும் நாய்க்குட்டிக்குத் தாய்ப்பாலுக்கு ஈடாகா. நாயின் பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு கொழுப்பும், 7 முதல் 8 பங்கு புரதமும் உள்ளன. பசும்பாலிலோ கொழுப்பு ஏறத்தாழ 4 பங்கும், புரதம் மூன்றரைப் பங்குமே. ஆனால் லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை மட்டும் நாயின் பாலைவிடப் பசும்பாலில் மிகுதி. வயிறு நிறையப் பசும்பால் குடித்த குட்டிக்கு ஊட்டம் பாதியளவே கிடைக்கிறது. செரிக்காத பாற்சர்க்கரை பெருங்குடலை அடைந்து நீரை இழுத்துக் கழிச்சலை உண்டாக்குகிறது. திடீரென உணவை மாற்றுதல், அளவுக்கு மீறி ஊட்டுதல், எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு, மசாலா உணவு ஆகியவையும் இதே விளைவைத் தரும்.

2. குடற்புழுக்கள். உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டியின் உடலைச் சென்றடைகிறது. கொக்கிப்புழு தாய்ப்பாலின் வழியே வருகிறது. ஆதலின் பிறந்தது முதல் வெளியே செல்லாத குட்டிக்கும் புழு இருக்கக்கூடும். வயிறு உப்பி, விலா மெலிந்து, மயிர் பொலிவிழந்து காணப்படும். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால் ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுத்திருக்கும். ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஓரணு உயிர்களும் கழிச்சலை உண்டாக்குவன. இவற்றை உருப்பெருக்கியாலோ வேறு சோதனையாலோதான் அறிய முடியும்.

3. விழுங்கிய பொருள்கள். துணி, நூல், எலும்புத் துண்டு, பிளாஸ்டிக் உறை ஆகியன குடலை அடைத்துக்கொள்ளலாம். கடுங்கழிச்சலின்போது குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வதும் உண்டு. இவ்விரண்டும் அறுவைச் சிகிச்சையை வேண்டுவன.

4. தொற்று நோய்கள். இவற்றுள் தலையாயது பார்வோ வைரஸ் நோய். டிஸ்டெம்பர் என்னும் நோயிலும் கழிச்சல் உண்டு. அதில் கண், மூக்கு ஆகியவற்றிலிருந்து சளி வடிதல், இருமல், பின்னர் நரம்புக் கோளாறு ஆகியவையும் சேர்ந்து வரும்.

முதற்பரிசோதனை

குட்டியைத் தொடுவதற்கு முன் அதன் வயது, தாயுடன் இருக்கிறதா என்பது, கடைசியாக உண்டது, போட்ட தடுப்பூசிகள், கொடுத்த புழு மருந்து ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சமையலறைத் தராசில் குட்டியை நிறுத்து எடையை எழுத வேண்டும். மருந்தின் அளவு அனைத்தும் எடையைப் பொறுத்ததாகலின் இக்குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும்.

அதன்பின் ஈறுகளைப் பார்க்க வேண்டும். நலமுள்ள குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். ஈறு உலர்ந்து பிசுபிசுப்பாக இருப்பதும், சிவக்கக் காலந்தாழ்வதும், கண் குழிவதும் நீரிழப்பைக் காட்டும். தோலைத் தூக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை வளர்ந்த நாய்க்கே ஏற்றது. மிக இளங்குட்டியின் தோலடியிற் கொழுப்பு குறைவாதலால் அதனை மட்டும் நம்பலாகாது. பாலை மறந்த குட்டியின் உடற்சூடு 38 முதல் 39.2 சென்டிகிரேடு டிகிரி வரை (பாரன்ஹீட் அளவில் 100.5 முதல் 102.5 வரை) இருத்தல் இயல்பு. பிறந்த முதல் வாரத்தில் இதைவிடக் குறைவாக இருக்கும்.

முதலுதவியின் வரிசை

முதலிற் சூடு. குட்டியின் உடல் குளிர்ந்திருந்தால் ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த துணியிற் சுற்றி, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் பொதிந்து அருகில் வைக்க வேண்டும். புட்டி நேரே தோலிற் படலாகாது. மெல்ல மெல்லச் சூடேற்றுவதே முறை. உடல் குளிர்ந்து கிடக்கும் குட்டியின் வாயில் பாலையோ நீரையோ ஊற்றினால் அது நுரையீரலுக்குட் சென்று உயிரைப் போக்கக்கூடும்.

அடுத்து நீர். விழிப்புடன் இருந்து தானே விழுங்கவல்ல குட்டிக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். மனிதருக்கென மருந்துக் கடைகளிலும் சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும் இப்பொட்டலம் டில்லியில் 'ஜீவன் ரக்ஷக் கோல்' என வழங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்தி அமைத்த அளவின்படி, ஒரு லிட்டர் நீருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் ஆக 20.5 கிராம் இதில் அடங்கும். காய்ச்சி ஆறிய நீரில் இதனை முழுதுமாகக் கரைத்து, 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பழச்சாறு போல விற்கப்படும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடல்ல. சைலிட்டால் என்னும் செயற்கை இனிப்பு கலந்த எதுவும் நாய்க்கு நஞ்சாகும்.

ஒரு கிலோகிராம் எடையுள்ள குட்டிக்கு 10 அல்லது 15 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டியளவு, அதாவது 5 மில்லிலிட்டர், போதுமானது. ஊசி நீக்கிய சிரிஞ்சைக் கன்னத்தின் ஓரத்தில் வைத்துச் சிறிது சிறிதாக விட வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றலாகாது. வாந்தி எடுத்தால் அரைமணி நேரம் பொறுத்து, இன்னும் குறைந்த அளவில் தொடங்கலாம். மறுபடியும் வாந்தி எடுத்தால் வாய்வழி நீரை நிறுத்தி உடனே மருத்துவரை அடைய வேண்டும்.

நீரில் உப்புடன் சர்க்கரையையும் சேர்ப்பதன் காரணம் அறியத்தக்கது. குடற்சுவரின் அணுக்கள் குளுக்கோஸையும் சோடியத்தையும் இணைத்தே உள்ளிழுக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. இவ்விணைப்பை 1960-ல் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். 1971-ல் வங்காள தேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். முன்னர் நூற்றுக்கு ஏறத்தாழ 30 ஆக இருந்த சாவு, அவர் பொறுப்பிலிருந்தோரிடையே 4-க்கும் கீழே தாழ்ந்தது. அதே உடலியல் விதியே நாய்க்குட்டியின் குடலிலும் செயற்படுகிறது.

மூன்றாவது உணவு. கழிச்சலின்போது வயிற்றைக் காயப்போட வேண்டும் என்பது பழைய வழக்கம். வளர்ந்த நாய்க்கு அதனால் தீங்கு வாராதிருக்கலாம். குட்டியை நெடுநேரம் பட்டினி போடுவதோ ஆபத்தானது. வாந்தி இல்லையெனில், நன்கு குழைந்த சோற்றுடன் எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழிக்கறியைப் பிசைந்து, நாளொன்றுக்கு 5 அல்லது 6 வேளையாகச் சிறிதளவே கொடுக்க வேண்டும். உப்பு, மிளகாய், மஞ்சள், எண்ணெய், வெங்காயம், பூண்டு ஆகியவை கூடா. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பன. தாயிடமே உள்ள பால்குடிக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. மலம் கட்டிய பின் மூன்று நான்கு நாட்களில் வழக்கமான உணவுக்கு மாற்றலாம்.

செய்யத் தகாதன

வீட்டிலுள்ள மனித மருந்துகளைக் குட்டிக்குக் கொடுப்பது பெருந்தவறு. பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். இபுபுரூபன் இரைப்பையிற் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். கழிச்சலைக் கட்டும் லோபரமைடு மாத்திரை குடலின் அசைவை நிறுத்தி நச்சுப் பொருளை உள்ளேயே தேக்கிவிடும். கோலி இன நாய்களிற் பலவற்றுக்கு அது மூளைவரை சென்று தீங்கிழைக்கும். மலம் நின்றது கண்டு நோய் நின்றதென மகிழ்ந்திருக்கையில், குட்டி உள்ளுக்குள் தளர்ந்துகொண்டிருக்கும். எஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை ஊகித்துக் கொடுப்பதும் தகாது.

பின்வருவனவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்: மலத்தில் இரத்தம் அல்லது கடுநாற்றம், இடைவிடாத வாந்தி, எழுந்து நிற்க இயலாத தளர்ச்சி, வெளுத்த ஈறு, காய்ச்சல் அல்லது உடல் குளிர்ச்சி, வயிற்றைத் தொட்டால் வலியால் அலறுதல், தடுப்பூசி போடாத குட்டி உணவை மறுத்தல். இவை எதுவும் இன்றி, விளையாட்டும் பசியும் குன்றாத குட்டியை ஒருநாள் மட்டும் வீட்டில் கவனித்துப் பார்க்கலாம். 8 வாரத்திற்கு உட்பட்ட குட்டியாயின் அந்த ஒருநாளும் பொறுத்தல் நன்றன்று.

பார்வோ வைரஸ்

நாய்களைக் கொல்லும் இந்நோய் 1978-ல் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியது. பூனைகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றுக்கு இது நெருங்கிய உறவுடையது. இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் அறிக்கை 1982-ல் சென்னையிலிருந்து வெளிவந்தது. 'பார்வோ' என்பது சிறியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. இவ்வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 25 நானோமீட்டர். 40,000 வைரஸ்களை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளமே ஆகும்.

விரைவாகப் பெருகும் அணுக்களையே இது நாடுகிறது. குடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய முனைகள் உள்ளன. அவற்றின் அடியிலுள்ள குழிகளில் பிறக்கும் புதிய அணுக்களே தேய்ந்த முனைகளைப் புதுப்பிக்கின்றன. வைரஸ் அக்குழிகளை அழிப்பதால் குடற்சுவர் மொட்டையாகி, நீரும் இரத்தமும் கசிகின்றன. குடலிலுள்ள பாக்டீரியா இரத்தத்தில் நுழைகிறது. அதே வேளையில் எலும்பு மச்சையும் தாக்கப்படுவதால் வெள்ளணுக்கள் குறைந்துவிடுகின்றன. எதிரி நுழையும் நேரத்திற் காவற்படையும் இல்லாது போகிறது. தொற்றிய 3 முதல் 7 நாட்களில் சோர்வும் வாந்தியும், பின்னர் இரத்தங்கலந்த கழிச்சலும் தோன்றும். மருத்துவர் மலத்தைச் சோதனைப் பட்டையில் இட்டுச் சில நிமிடங்களில் நோயை அறியலாம்.

சிகிச்சையின்றி விட்டால் இந்நோயுற்ற குட்டிகளிற் பெரும்பாலானவை மாளும். நரம்பின் வழியே நீரேற்றுதல், வாந்தியை அடக்கும் மருந்து, பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து, உணவு ஆகியவற்றால் பெரும்பாலானவற்றைக் காக்க முடியும். தென்னாப்பிரிக்காவில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வாந்தி நிற்கும்வரை காத்திராமல் குழாய் வழியே விரைவில் உணவூட்டிய குட்டிகள் முன்னதாகத் தேறின எனக் காட்டியது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையிலேயே வைத்துச் சிகிச்சை செய்த 20 நாய்களில் 18 பிழைத்தன. முதலில் நரம்பு வழியே நீரேற்றிய பின், வெளிநோயாளிகளுக்குரிய எளிய முறையில் தோலடியில் நீரும் ஊசிமருந்தும் பெற்ற 20 நாய்களில் 16 பிழைத்தன. மருத்துவமனையிற் சேர்க்கப் பொருள் வசதி இல்லாதோரும் கைவிட வேண்டுவதில்லை என்பதை இது காட்டுகிறது. 'செலவு தாங்காது' என எண்ணித் திரும்பிச் செல்வோரிடம் இச்செய்தியைக் களப் பணியாளர் எடுத்துரைத்தல் நன்று.

தடுப்பு முறைகள்

பிறந்த முதல் நாளிற் குடிக்கும் சீம்பாலின் வழியே குட்டி தாயின் எதிர்ப்புப் பொருளைப் பெறுகிறது. அது சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். அஃது உள்ளவரை தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்யும். முற்றும் குறையுமுன்னரே வைரஸைத் தடுக்கும் வலிமையை இழந்துவிடும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் இந்த இடைவெளி வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆதலின் 6 முதல் 8 வாரத்திற்குள் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும்வரை தடுப்பூசி போடப்படுகிறது. ஒரே ஊசியோடு நிறுத்துவோர் இதன் காரணத்தை அறியாதவரே. ஆறு மாதத்தையொட்டியோ ஓராண்டிலோ மீண்டும் ஓர் ஊசி தேவை. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியை 12 வாரத்தில் போட வேண்டும்.

புழு மருந்தை 2, 4, 6, 8 ஆகிய வாரங்களிலும், பின்னர் ஆறு மாதம்வரை மாதந்தோறும், மருத்துவர் குறிக்கும் அளவிற் கொடுக்க வேண்டும். தாய்க்கும் உடன் கொடுத்தல் நலம்.

பார்வோ வைரஸ் மண்ணிற் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். சோப்பும் சாராய மருந்தும் அதனை அழிப்பதில்லை. மலத்தை அகற்றி இடத்தைக் கழுவிய பின், வீட்டு உபயோகச் சலவைத் திராவகம் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நோயுற்ற குட்டி இறந்த வீட்டிற்குத் தடுப்பூசி முடியாத புதுக்குட்டியைக் கொணர்தல் கூடாது.

பள்ளிகளில் கவனிக்க வேண்டியவை

நாயின் பார்வோ வைரஸ் மனிதரைத் தாக்குவதில்லை. உருண்டைப் புழுவின் முட்டையோ மண்ணிற் சில வாரங்களில் முதிர்ந்து, கை வழியே சிறுவர் வயிற்றை அடைந்தால் ஈரல், கண் முதலிய உறுப்புகளைத் தாக்கக்கூடும். மலம் புதிதாக இருக்கும்போதே அகற்றுவதும், குட்டியைத் தொட்டபின் சோப்பினாற் கை கழுவுவதும் இதற்கு எளிய காப்பு. குட்டி கடித்தாலும் கீறினாலும், அது எவ்வளவு சிறியதாயினும், காயத்தை 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

தாய் அருகிலிருக்கும் குட்டிகளை எட்டு வாரம்வரை இடம் பெயர்க்காமல், தாய்க்கு உணவளித்து, குளிருக்குச் சாக்கும் மறைவும் அமைத்துத் தருவதே சிறந்த உதவி என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 800 கிராம் எடையுள்ள குட்டி 60 மில்லிலிட்டர் நீரை இழந்தால், அது தன் எடையில் நூற்றுக்கு எவ்வளவு இழந்தது? (ஒரு மில்லிலிட்டர் நீரின் எடையை ஒரு கிராம் எனக் கொள்க.)

2. 20.5 கிராம் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டருக்குப் பதிலாக 200 மில்லிலிட்டர் நீரிற் கரைத்தால் கரைசல் எத்தனை மடங்கு செறிவாகும்? அத்தகைய கரைசல் குடலில் நீரை உட்செலுத்துமா, வெளியே இழுக்குமா?

3. பசும்பால் குடித்த குட்டி வயிறு நிறைந்தும் மெலிவது ஏன்?

4. ஒரு குட்டிக்கு 6-ஆம் வாரத்தில் ஒரே ஒரு தடுப்பூசி போடப்பட்டது. 12-ஆம் வாரத்தில் அதற்குப் பார்வோ நோய் வந்தது. தடுப்பூசி பயனற்றது என்னும் முடிவு சரியா? காரணம் கூறுக.